வினாயகபுரத்து மணலும் நான் அடித்த காற்றும்

நான் கல்முனைக்குப் போனது ஊர் பார்க்க அல்ல, பெண் பார்க்க. அதையும் சரியாகச் சொல்வதென்றால், பெண்ணை என் மகன் யாசின் ஏற்கெனவே மனதுக்குள் முடிவு செய்துவிட்டான். நான் போனது, அவர்கள் என்னைப் பார்ப்பதற்காக.

யாசின் கத்தாரில் ஏ.சி. மெக்கானிக். அவனோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் கல்முனைப் பையனின் தங்கைதான் பெண். பெயர் ரிஸ்னா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டதிலிருந்தே எனக்கு நிம்மதி போய்விட்டது. நான் ஏழாம் வகுப்பில் கணக்கு வாத்தியாருக்குப் பயந்து ஓடியவன். ஓடியவன் நேராக ஒரு லாரியில் கிளீனராக ஏறி, அப்புறம் டிரைவராகி, இப்போது அறந்தாங்கியில் சொந்தமாக ஒரு சுற்றுலா வேன் வைத்திருக்கிறேன். இருபத்தெட்டு வருஷத்தில் என் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஊரில் அதைத் திறமை என்பார்கள். திறமையெல்லாம் இல்லை, பயம். எதிரே வருகிற மாடு, ஆடு, மினி பஸ் எல்லாம் என்னைக் குறிவைத்துத்தான் வீட்டை விட்டுக் கிளம்புகின்றன என்று நினைத்து ஓட்டுகிறவன் நான்.

மனைவி மும்தாஜுக்கு முழங்கால் வலி. அவள் வரவில்லை. யாசின் போனில் மூன்று விஷயம் சொன்னான்.

"அத்தா, அதிகமா பேசாதீங்க. எது குடுத்தாலும் சாப்பிடுங்க. தயவுசெஞ்சு எதையும் சரி பண்றேன்னு மட்டும் இறங்கிடாதீங்க. இந்த இடம் கெட்டுச்சுன்னா எனக்கு வேற இடம் வேணாம்."

கடைசியாகச் சொன்னதில் அவன் குரல் கொஞ்சம் உடைந்தது. அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. விமானத்தில் கொடுத்த சாப்பாட்டைக்கூட நான் திறக்கவில்லை.

கொழும்பிலிருந்து கல்முனைக்கு பஸ். ஓட்டியவர் பிரேக் என்று ஒன்று இருப்பதையே மறந்தவர். ஆகவே அவருக்கும் சேர்த்து நான் என் இருக்கையிலிருந்து பிரேக் போட்டுக்கொண்டே வந்தேன். செவ்வாய்க்கிழமை காலை கல்முனையில் இறங்கும்போது வலது கெண்டைக்கால் கல்லாகியிருந்தது. நொண்டிக்கொண்டு இறங்கிய என்னைத்தான் பெண்ணின் தகப்பனார் ஹனீபா ஹாஜியார் முதன்முதலில் பார்த்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். கால்ல என்ன வருத்தம் காக்கா?" என்றார். அங்கே அண்ணனுக்குக் காக்கா, வலிக்கு வருத்தம்.

"ஒண்ணுமில்லைங்க. பஸ்ஸை நிறுத்திக்கிட்டே வந்தேன்" என்று உண்மையைச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. கருவாடு வியாபாரி. கடற்கரையில் மீன் வாங்கி, காயவைத்து, கொழும்புக்கு அனுப்புகிறவர். சம்மாந்துறைப் பக்கம் கொஞ்சம் வயலும் உண்டு. உயரமான ஆள், வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட சாரம், நம் கைலிதான். என்னை மேலும் கீழும் ஒரு தரம் பார்த்தார். முதல் வாக்கியத்திலேயே காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வீடு கடலுக்கு மூன்று தெரு தள்ளி. அலைச் சத்தம் கேட்கவும் எனக்கு வழக்கமான பயம் வந்தது. கடல் இவ்வளவு பக்கத்திலா என்று கேட்டேன். ஹாஜியார் கடல் பக்கம் திரும்பி, "ஓம். ஒரு நாள் இன்னும் பக்கமா வந்த" என்றார். சுனாமியைச் சொல்கிறார் என்று புரிந்தது, அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மத்தியானம் சஹன் சாப்பாடு. குடை அளவு ஒரு தட்டு. நடுவில் நெய்ச்சோறு, அதன்மேல் கோழி, மாட்டிறைச்சி, கத்தரிக்காய். சுற்றிவர நாலு பேர் ஒரே தட்டில். அறந்தாங்கியில் நாங்கள் இலை போட்டுத் தனித்தனியாகச் சாப்பிடுகிறவர்கள். என் எல்லை எதுவரை என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வயலில் கால் வைத்துவிடக் கூடாதே என்று எனக்கு நேரே ஒரு குழி வெட்டி அதற்குள்ளேயே சாப்பிட்டேன். ஆனால் குழி ஆழமாக ஆழமாக, ஹாஜியார் தன் பக்கத்து இறைச்சியை எல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார். விருந்தாளி பக்கம் காலியாக இருந்தால் வீட்டுக்காரருக்குக் குறைவாம். தட்டைக் காலியாக விட்டால் எனக்குக் குறைவு என்பது எங்கள் ஊர் வழக்கம். இரண்டு வழக்கமும் மோதியதில் நான் மூன்று ஆள் சாப்பாடு சாப்பிட்டேன். அதற்குப் பிறகு ஒரு சட்டி எருமைத் தயிர் வந்தது.

வீட்டுக்காரம்மா ஜெசீமா சளைக்காமல் பேசுகிறவர். வீட்டின் கிழக்குப் பக்கம் புதிதாகக் கட்டி, வெள்ளையடித்து, பூட்டி வைத்திருந்த இரண்டு அறைகளைக் காட்டினார். "இது மாப்பிள்ளைக்கி" என்றார். இந்தப் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பான். எங்கள் ஊரில் வீட்டோட மாப்பிள்ளை என்று ஒருவனைச் சொன்னால் அடிக்க வருவான். இங்கே தெரு முழுக்க வீட்டோட மாப்பிள்ளைகள், எல்லாரும் நன்றாகத்தான் நெஞ்சு நிமிர்த்தி நடக்கிறார்கள். ஹாஜியாரே இந்த வீட்டுக்கு அப்படி வந்தவர்தானாம். அதைச் சொன்னபோது மட்டும் அவர் லேசாகச் சிரித்தார்.

பேச்சு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு என்று முடிவாகியிருந்தது. ஜெசீமாவின் அண்ணன் கபூர் அதிபர் வருவார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இந்தக் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் நாள் குறிக்கிறவர் அவர்தான், வேண்டாம் என்று சொல்கிறவரும் அவர்தான். போன வருஷம் ஒரு இடத்தை, மாப்பிள்ளையின் தகப்பன் பொய் சொல்லிவிட்டான் என்பதற்காகத் திருப்பி அனுப்பினாராம். என்ன பொய் என்று கேட்டேன். "வயச ரெண்டு கொறச்சிச் சொன்ன" என்றார் ஜெசீமா.

புதன்கிழமைதான் வினை.

ஹாஜியார் காலையிலேயே சம்மாந்துறைக்குப் போய்விட்டார். அறுவடைக் காலம். யாரோ வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள், அவருடைய ஜீப் முற்றத்தில் நின்றது. பழைய டீசல் ஜீப், நாலு சக்கரமும் இழுக்கிற வகை. எனக்கு வேலை எதுவும் இல்லை. உட்காரச் சொன்னால் பிளேன்டி வந்தது. எழுந்து நின்றாலும் பிளேன்டி வந்தது. பாலில்லாத அந்தத் தேநீர் ஒரு நாளில் ஏழு குடித்திருப்பேன். சாயங்கால அஸர் தொழுதுவிட்டு வந்து முற்றத்தில் உலாத்தும்போதுதான் பார்த்தேன். ஜீப்பின் நாலு டயரும் சப்பிக் கிடந்தன. தரையில் பிதுங்கி, பார்க்கவே பரிதாபமாக.

இருபத்தெட்டு வருஷமாகக் காலையில் எழுந்ததும் டயரை உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் பல் விளக்குவேன். இப்படி ஒரு டயரைப் பார்த்தால் எனக்குப் பக்கத்தில் குழந்தை அழுவதைப் போல. இவர் இதிலேயே ரோட்டில் போனால் டயர் சூடாகி, வெடித்து, வண்டி உருண்டு... என் மனது அதற்குள் ஹாஜியாரைக் கல்முனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டது. ஜீப்பின் பின்னால் எட்டிப் பார்த்தேன். காலால் மிதித்து அடிக்கிற காற்றுப் பம்பு ஒன்று, நன்றாக எண்ணெய் போட்டு, கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. ஒரு மனுஷன் பம்பை இவ்வளவு அக்கறையாக வைத்துக்கொண்டு டயரை இப்படி விட்டிருக்கிறாரே என்றுதான் நினைத்தேன். ஏன் வைத்திருக்கிறார் என்று நினைக்கவில்லை.

மிதிக்க ஆரம்பித்தேன். சின்ன பம்பு, பெரிய டயர். சட்டை நனைந்துவிட்டது. மூன்றாவது டயரில் இருக்கும்போது ரிஸ்னா பிளேன்டியோடு வந்தாள். நேருக்கு நேராக அவளோடு பேசுவது அதுதான் முதல் தடவை.

"என்ன மாமா செய்றீங்க? வாப்பாவா சொன்ன?"

விருந்துக்கு வந்த இடத்தில் கேட்காமல் அவர்கள் பொருளில் கைவைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அந்த நொடியில்தான் உறைத்தது. யாசின் குரல் காதில் கேட்டது. வாயிலிருந்து, அந்த ஊர்ச் சொல்லே, தானாக வந்தது.

"ஓம்."

அவள் பம்பையும் டயரையும் ஒரு தரம் பார்த்தாள். கணக்குச் சரிவராத பார்வை. பிறகு கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நாலாவது டயரையும் கல் மாதிரி ஆக்கிவிட்டுத்தான் நான் உள்ளே போனேன்.

வியாழக்கிழமை போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை. வெள்ளிக்கிழமை விருந்துக்கு நல்ல மீன் வேண்டும், கரைவலையிலிருந்து நேராக எடுத்தால்தான் ருசி என்று ஹாஜியார் சொல்ல, வினாயகபுரத்துக்குக் கிளம்பினோம். முன்னால் ஹாஜியாரும் நானும், பின்னால் ஜெசீமாவும் ரிஸ்னாவும்.

ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டியே கிடக்கின்றன. சாய்ந்தமருது எங்கே முடிந்தது, காரைதீவு எங்கே தொடங்கியது என்று பெயர்ப்பலகை சொன்னால்தான் தெரியும். மினாரா, கோபுரம், மறுபடி மினாரா. நிந்தவூர் தாண்டியதும் ரோட்டில் பாதியை நெல் பிடித்துக்கொண்டது. காயப் போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரிலும் இதே அநியாயம்தான், ஆனால் இங்கே டிரைவர்கள் ஹாரன்கூட அடிக்காமல், தூங்குகிற குழந்தையைச் சுற்றிப் போவது மாதிரி ஒதுங்கிப் போகிறார்கள். அக்கரைப்பற்றில் நிறுத்தி ஆளுக்கு ஒரு ரொட்டியும் மாசிச் சம்பலும் சாப்பிட்டோம். சம்பலின் காரத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது.

"இண்டைக்கி என்ன, ஜீப் இப்பிடித் துள்ளுது" என்றார் ஹாஜியார்.

"ரோடு பழுது" என்றார் பின்னால் ஜெசீமா.

நான் ஜன்னல் வழியே நெல்லைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வினாயகபுரத்தில் ரோடு முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் ஹாஜியார் ஜீப்பை நிறுத்தினார். இறங்கினார். சுற்றி என் பக்கம் வந்து கதவைத் திறந்தார்.

"இனி நீங்க ஓட்டுங்க காக்கா."

"நானா?"

"ஒங்கட மகன் சொன்ன, அத்தா கண்ண மூடிட்டு ஓட்டுவார் எண்டு. எங்கட கரையில ஓட்டிப் பாருங்க. விருந்தாளிக்கி அந்த ஆச இரிக்கிம் தானே."

எனக்கு அப்படி ஓர் ஆசை எந்த ஜென்மத்திலும் இருந்ததில்லை. ஆனால் மாட்டேன் என்று எப்படிச் சொல்ல? படிப்பும் கணக்கும் ஏறாத எனக்கு இருக்கிற ஒரே பட்டம் அதுதான். "இந்த நாட்டு லைசென்ஸ் என்கிட்ட இல்லையே" என்று கடைசி முயற்சி செய்தேன்.

"மண்ணுக்கு என்ன லைசென்ஸ்? ஏறுங்க."

ஏறினேன். ஸ்டேரிங் ஈரமாகிவிட்டது, என் கைதான். பெரிய கியருக்குப் பக்கத்தில் இருந்த குட்டிக் கியரைக் காட்டி, "இத இஞ்சால இழுத்தா நாலு சில்லும் இழுக்கும்" என்றார். இழுத்தேன். கீழே எங்கேயோ கரகரவென்று ஏதோ பல் கடித்தது. பிறகு மூன்று விதி சொன்னார். "பிரேக் அடிக்கக் கூடா. ஸ்டேரிங்க இறுக்கிப் பிடிக்கக் கூடா. போற வேகத்துல போய்க்கிட்டே இரிக்கணும், நிண்டா முடிஞ்ச." என் வாழ்க்கையில் நான் கற்ற மூன்று நல்ல பழக்கமும் அந்த மூன்றில் போய்விட்டன.

"பயப்படாதீங்க" என்று என் தோளைத் தட்டினார். "மண்ணுக்கு டயர் சப்பையா இரிக்கணும், அப்பதான் மிதக்கும். இல்லாட்டி இறங்கிரும். நான் முந்தநாளே காத்தக் கொறச்சித்தான் வச்சிரிக்கன்."

நேற்று நான் மிதித்து மிதித்துக் கல்லாக்கிய நாலு டயரும் எனக்கு அடியில் இருந்தன.

அப்போதே சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை. ஆனால் கண்ணாடியில் ரிஸ்னாவின் கண் என் கண்ணைப் பார்த்தது. 'வாப்பா சொல்லவில்லை' என்பது அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. காற்றைப் பற்றிச் சொன்னால் பொய்யும் வெளியே வரும். நாளைக்குக் கபூர் அதிபர். ஒருவேளை காற்றெல்லாம் பெரிய விஷயமாக இருக்காது, அல்லாஹ் காப்பாற்றுவான் என்று கிளட்சை விட்டேன்.

முதல் நூறு அடி போனது. போனது என்று சொல்லக் கூடாது, நீந்தியது. வலது பக்கம் திருப்பினால் கொஞ்சம் யோசித்துவிட்டு இடது பக்கம் போயிற்று. எஞ்சின் மாடு மாதிரிக் கத்தியது. "அடிங்க, அடிங்க, கால எடுக்காதீங்க!" என்று ஹாஜியார் கத்தினார். அப்போது முன்னால் கயிறு தெரிந்தது. கடலுக்குள்ளிருந்து வந்து மணலில் நீண்டு கிடந்தது. அதன் நுனியில் பத்துப் பதினைந்து பேர் வரிசையாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். கரைவலைக் கயிறு. அதன்மேல் ஏறினால் அறுந்துவிடுமோ, ஆட்களை இழுத்துப் போட்டுவிடுமோ? இழுக்கிறவர்களுக்குப் பின்னால் மேட்டு வழியாகச் சுற்றிப் போயிருக்க வேண்டும். எனக்கோ கடல் பக்கத்து ஈர மணல் தார் ரோடு மாதிரித் தெரிந்தது. அங்கே திருப்பினேன். கயிறு நெருங்கியது. இருபத்தெட்டு வருஷக் கால், தானாகப் பிரேக்கை மிதித்தது.

ஜீப் நின்றது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். பின்பக்கம் கீழே இறங்கியது. இன்னும் மிதித்தேன். இன்னும் இறங்கியது. ஒரு அலை வந்து பின் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது.

ஹாஜியார் குதித்து இறங்கி இழுக்கிறவர்களைப் பார்த்து ஓடினார். முன்னால் நின்ற கனத்த ஆள்தான் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி, தங்கராசா. இருவரும் பல வருஷப் பழக்கம்.

"தங்கராசா, ஆக்கள் கொஞ்சம் வாங்க, ஜீப் கடலுக்குப் போகுது!"

தங்கராசா கயிற்றை விடாமல் தலையை மட்டும் திருப்பினார். "ஏலா ஹாஜியார். மடி இன்னும் வரல்ல. இப்ப கயிற விட்டா வல சுருண்டு மீனெல்லாம் போயிரும். கெதியா வேணுமெண்டா நீங்களும் வந்து இழுங்க."

அதுதான் அந்தக் கரையின் சட்டம். வலையின் நுனியில் மீன் சேரும் மடிப் பை கரைக்கு வரும்வரை யாருக்காகவும் கயிற்றை விடமாட்டார்கள். ஹாஜியார் சாரத்தை மடித்துக் கட்டினார். நான் செருப்பைக் கழற்றினேன். பெண்ணின் தகப்பனாரும் பையனின் தகப்பனாரும் ஒருவர் பின் ஒருவராக நின்று கயிற்றைப் பிடித்தோம்.

"காக்கா, கையால இல்ல, இடுப்பால இழுங்க" என்றார் எனக்குப் பின்னால் நின்ற ஒருவர். "இந்தியாக் காரரா? படத்துல வாறவங்க இப்பிடி இழுக்க மாட்டாங்களே."

முக்கால் மணி நேரம். ஒவ்வொரு இழுவைக்கும் திரும்பிப் பார்த்தேன். ரிஸ்னா இறங்கி ஒரு பலகையால் சக்கரத்துக்குப் பின்னால் மணலை வாரி அணை கட்டிக்கொண்டிருந்தாள். ஜெசீமா இறங்கவே இல்லை. காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டு, "மூணு வருஷமா கப்பல்ல ஹஜ்ஜுக்குப் போகணும் எண்டு சொன்ன, இப்ப சும்மாவே போறம்!" என்று கத்தினார். ஒரு அலை கதவு வரைக்கும் வந்தது. என் கண்ணுக்கு முன்னால் ஜீப், கல்யாணம், யாசின் எல்லாம் ஒன்றாக மிதந்து போயின.

மடி வந்தது. வெள்ளிக்காசு மாதிரிச் சூடை மீன், நடுவில் ஐந்தாறு பெரிய பாரை. யாரும் மீனைப் பார்க்க நிற்கவில்லை. தங்கராசா அதே கயிற்றின் நுனியை எடுத்துக்கொண்டு ஜீப்பைப் பார்த்து ஓடினார். முன்னால் கட்டினார். கட்டிவிட்டு வழக்கம்போல் டயரை ஒரு உதை உதைத்தார். காலைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன ஹாஜியார் இது, கல்லு! மண்ணுக்கு வாறவர் இப்பிடியா காத்தடிச்சிட்டு வாற?"

ஹாஜியார் குனிந்து தொட்டுப் பார்த்தார். முகம் சிவந்தது. "நான் அடிக்கல்ல. கொறச்சித்தான் வச்ச. ஆரோ அடிச்சிரிக்கான்." ஒரு நொடி யோசித்தார். "பக்கத்து வீட்டு முபாரக்! அவன்தான் பம்பு கேட்டு வாறவன். வெளயாட்டுக் காட்டுறான் என்னோட." போனை எடுத்தார்.

நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் ரிஸ்னா, கையெல்லாம் மணலோடு, "வாப்பா, போன வைங்க" என்றாள். "நான்தான் அடிச்ச. சப்பையாக் கிடந்த, அதுதான்."

ஹாஜியார் போனை இறக்கினார். கோபம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. "கணக்கு டீச்சர்! சின்ன வயசுல இரிந்து இந்த ஜீப்புல வாறாய், மண்ணுக்கு காத்து கூடா எண்டு தெரியாதா ஒனக்கு? இவ்வளவு ஆக்களுக்கு முன்னால என்ன வெக்கம்!" அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் எங்கள் வீட்டுப் பெண் ஆகாதவள், எங்கள் வீட்டுத் தப்புக்குத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

யாசின், மன்னிச்சுக்கடா என்று மனதுக்குள் சொல்லிவிட்டு முன்னால் போனேன்.

"ஹாஜியார், அந்தப் பிள்ளை இல்லைங்க. நான். நேத்து சாயங்காலம் நான்தான் அடிச்சேன். உங்க பொருளைக் கேக்காம தொட்டேன். அந்தப் பிள்ளை வந்து கேட்டப்ப, நீங்கதான் சொன்னீங்கன்னு பொய்யும் சொன்னேன். இப்ப வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். அப்பவும் சொல்லல."

ஹாஜியார் என்னைப் பார்த்தார், பஸ் நிலையத்தில் பார்த்த அதே பார்வை. தங்கராசாதான் முதலில் வாய் திறந்தார்.

"இந்தப் பெரிய டயர் நாலுக்குமா? கால் பம்பாலயா? எவ்வளவு நேரம்?"

"ஒண்ணே முக்கால் மணி நேரம்."

"ஹாஜியார், சம்மந்தம் சரி வராட்டிப் பரவாயில்ல, இவர எனக்குத் தாங்க. வல இழுக்க ஆள் காணாது."

ஜீப்புக்குள்ளிருந்து ஜெசீமா சிரிக்கத் தொடங்கினார். சீட்டு ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். வலைக்காரர்களும் சிரித்தார்கள். ஹாஜியார் சிரிக்கவில்லை. குனிந்து, ஒரு ஈர்க்குச்சியை எடுத்து, டயர் வாயில் வைத்து அழுத்தினார். ஸ்ஸ்ஸ் என்று என் ஒண்ணே முக்கால் மணி நேரம் வெளியே போனது. நாலு டயரையும் சப்பையாக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"ஏறுங்க."

"நீங்க ஓட்டுங்க ஹாஜியார், நான்..."

"மாட்டின ஆள்தான் எடுக்கணும். ஏறுங்க."

ஏறினேன். முன்னால் பதினைந்து பேர் கயிற்றைப் பிடித்தார்கள். தங்கராசா ஒரு குரல் கொடுத்தார். அவர்கள் இழுக்க, நான் மெல்ல மிதிக்க, ஜீப் முதலில் முனகியது, பிறகு ஒரு எருமை சேற்றிலிருந்து எழுவது மாதிரி எழுந்தது. கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். "நிக்காதீங்க, நிக்காதீங்க!" நிற்கவில்லை. மேட்டுப் பக்கமாகச் சுற்றினேன். சப்பை டயர் மணல்மேல் பரவி, பாயை விரிப்பது மாதிரி உருண்டது. ஸ்டேரிங் லேசாக ஆடியது, ஆடவிட்டேன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் தென்னை, எதிரே மாடும் இல்லை, மினி பஸ்ஸும் இல்லை. அரை மைல் தூரம் நான் பயப்பட மறந்துவிட்டேன். மீன் வாடிக் கொட்டகைக்கு முன்னால் போய் நிறுத்தியபோதுதான் மூச்சு விட்டேன். எனக்கு வெகு தூரம் பின்னால், மணலில் ஓடி வந்துகொண்டிருந்தார் ஹாஜியார். அவரை ஏற்றிக்கொள்ளவே மறந்துவிட்டேன்.

திரும்பி வரும் வழியில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டிலும் பேசவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மும்தாஜ் போன் செய்தபோது, "மீன் நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் இறங்கும்போதே தெரிந்துவிட்டது. முன்பின் தெரியாத ஆட்கள் என்னைப் பார்த்து சலாம் சொல்லிவிட்டுக் காலால் மிதிக்கிற மாதிரிச் செய்து காட்டினார்கள். ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர்தான் முபாரக்காம்.

கபூர் அதிபர் வந்தார். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி, சட்டைப் பையில் இரண்டு பேனா. எனக்கு ஏழாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. ஹாஜியார் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பெண்கள் உள் அறையில், திரைக்குப் பின்னால்.

"எது வரைக்கும் படிச்சீங்க?" என்றார் அதிபர்.

"ஏழாவது. பாதியில ஓடிட்டேன்."

"ஏன்?"

"கணக்கு வாத்தியாருக்குப் பயந்து."

அதிபர் தலையை ஆட்டினார். "நானும் கணக்குத்தான் படிப்பிச்ச." பிறகு ஹாஜியார் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்றாய் ஹனீபா?"

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். நாலு நாளில் அவர் என்னைப் பற்றிப் பேசி நான் கேட்டது அப்போதுதான். "மச்சான், இவர் பிழை விட்ட. பொய்யும் சொன்ன. ஆனா என்ட புள்ள ஏச்சு வாங்கக்குள்ள இவரால பாத்துக்கிட்டு இரிக்க ஏலாமப் போயிட்டு. எனக்கு அது போதும். புள்ளைட்டக் கேளுங்க."

என் கண் நிறைந்துவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டேன். அதிபர் திரைப் பக்கம் திரும்பினார்.

"ரிஸ்னா, ஒனக்கு சம்மதமா மகள்?"

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் வந்தது.

"மாமாட்ட ஒண்டு கேக்கணும். புதன்கிழம என்ட ஸ்கூட்டிக்கும் காத்தடிச்ச அவர்தானா? கடைக்குப் போகக்குள்ள ரெண்டு நாளாத் துள்ளித் துள்ளியே போறன்."

கூடம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அதிபர் கண்ணாடியை மூக்கில் இறக்கி, பழைய வாத்தியார் பார்வை பார்த்தார்.

இனிப் பொய் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை.

"ஆமாங்க" என்றேன். "பக்கத்து வீட்டுச் சைக்கிளுக்கும்."

திரைக்குப் பின்னால் அவள் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து, முடியாமல், வெடித்துச் சிரித்தாள். கன்னிப் பெண் வாயால் சொல்ல வேண்டியதில்லை, சிரித்தாலே சம்மதம்தான் என்று சொல்லி, கபூர் அதிபர் பையிலிருந்து பேனாவை எடுத்து நாள் குறித்தார்.